வாடகை நின்றுபோன டவர் யாருக்குச் சொந்தம்?

தனியார் நிலத்தில் நிற்கும் ஒரு செல்போன் டவரில் சட்டம் இரண்டு சொத்துகளைக் காண்கிறது. கீழே கிடக்கும் மண் பட்டாதாரருடையது. மேலே நிற்கும் இரும்பு, அதை நட்ட நிறுவனத்தினுடையது. வாடகை நின்றாலும், உச்சியில் எரிந்த சிவப்பு விளக்கு அணைந்தாலும், கம்பி வேலி முழுக்கக் கோவைக்கொடி ஏறினாலும் இந்தப் பாகுபாடு தானாக அழிந்துவிடாது. நிலத்துக்காரருக்கு மண்ணைத் திரும்பப் பெறும் உரிமை உண்டு. பாக்கி வாடகையைக் கேட்கும் உரிமை உண்டு. இரும்பைக் கழற்றிக்கொண்டு போகச் சொல்லும் உரிமையும் உண்டு. அதைத் தானே அறுத்து விற்கும் உரிமை மட்டும், கோர்ட் உத்தரவோ உரிமையாளரின் எழுத்துச் சம்மதமோ இல்லாமல் வராது.

தென்காசி வட்டாரத்தில் டவர்கள் வயலிலும் தென்னந்தோப்பிலும் வீட்டு மாடியிலும்தான் எழும்பின. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் சீசன். பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் கூடுகிறவர்கள் எல்லோர் கையிலும் ஒரு போன் இருக்கிறது. அத்தனை பேச்சையும் படத்தையும் தாங்க, மலையடிவாரத்தில் நெருக்கமாக டவர் தேவைப்பட்டது. நிறுவனங்கள் வந்து சில சென்ட் இடம் கேட்டன. மழை பொய்த்தாலும் மாதாமாதம் வங்கிக் கணக்கில் வந்து விழும் பணம் என்பதால் விவசாயிகள் இடம் விட்டார்கள்.

செயலிழந்த டவரைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒரு சின்ன கிட்டங்கி போல இருக்கும். நான்கு கான்கிரீட் திண்டுகளின் மேல் துத்தநாகம் பூசிய ஆங்கிள் கால்கள். ஓரத்தில் ஜெனரேட்டரும், பேட்டரிகள் வைத்த இரும்புப் பெட்டியும் இருந்த மேடை. பூட்டிய கேட்டில் அபாயப் பலகை, அதன் பக்கத்தில் சைட் எண் எழுதிய தகடு. முதலில் காணாமல் போவது பேட்டரி, அடுத்தது செம்புக் கேபிள். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்றும் சாரலும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். பூச்சு உரிந்த போல்ட் துளைகளில்தான் துரு முதலில் பிடிக்கும். உடைமை யாருக்கு என்ற கேள்வி காகிதத்தில் கிடக்கும்போதே, பொருளின் மதிப்பு குறைந்து, அது விழும் ஆபத்து கூடிக்கொண்டே போகிறது. இந்தத் தகராறில் தாமதம் இரு தரப்புக்கும் நஷ்டம் என்றாலும், அந்த டவரின் நிழலில் தினமும் நடக்கிறவர் நிலத்துக்காரர்தான்.

ஏர்செல் விட்டுச் சென்றவை

தமிழ்நாட்டில் இந்தச் சிக்கல் பெரிதாக வெடித்தது 2018-இல். 1999-இல் தமிழ்நாட்டில் சேவை தொடங்கிய ஏர்செல், தென் மாவட்டங்களில் வீட்டுக்கு வீடு புழங்கிய பெயர். 2018 பிப்ரவரியில் அதன் சிக்னல் மாநிலம் முழுவதும் படுத்தது. வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்றிக்கொள்ளக் கடைகளின் முன் மக்கள் வரிசையில் நின்றார்கள். அந்த மாத இறுதியில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்கு விண்ணப்பித்தது. மும்பையில் உள்ள தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் முன் வழக்கு நடந்தது.

ஆனால் டவர்கள் அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே ஏர்செல்லின் கையை விட்டுப் போயிருந்தன. 2010-இல் சுமார் 17,500 டவர்களை ஏறக்குறைய 8,400 கோடி ரூபாய்க்கு ஜி.டி.எல். இன்ஃப்ராஸ்ட்ரக்சர் குழுமத்துக்கு ஏர்செல் விற்றுவிட்டது. அதன்பின் ஏர்செல் அந்த டவர்களில் ஒரு குடித்தனக்காரர் மட்டுமே. நிலத்துக்காரர் பலருக்கு இந்த மாற்றம் மனத்தில் பதியவே இல்லை. ஊரில் அது ‘ஏர்செல் டவர்’ என்றே அழைக்கப்பட்டது. இடத்துக்கு வாடகை தர வேண்டியது டவர் நிறுவனம். டவருக்கு வாடகை தர வேண்டியது ஏர்செல். ஏர்செல் சாய்ந்ததும் டவர் வாடகைச் சங்கிலி அறுந்தது, அதன் இழுப்பில் இட வாடகைச் சங்கிலியும் தளர்ந்தது. இந்த வேறுபாடு சட்டத்தில் பெரிய விஷயம். ஏர்செல் திவாலான காரணத்தால் டவர் நிறுவனத்தின் கடமை தீராது. டவர் நிறுவனம் தனி ஆள், அதன் மீதான வாடகைக் கோரிக்கையும் தனி.

2022-இல் இதே ஜி.டி.எல். நிறுவனத்தின் தரப்பில், தமிழ்நாட்டில் செயல்படாமல் நின்ற டவர்களில் 600-க்கும் மேற்பட்டவை களவு போய்விட்டன என்ற செய்தி நாளிதழ்களில் வந்தது. கொரோனா ஊரடங்கில் கண்காணிப்பு விட்டுப்போன காலத்தில் நடந்தது என்றார்கள். அதே ஆண்டு நவம்பரில் பாட்னாவில், நிறுவன அதிகாரிகள் என்று சொல்லிக்கொண்டு வந்த கூட்டம் பட்டப்பகலில் ஒரு டவரை முழுதாகக் கழற்றிக்கொண்டு போனது. பல மாத வாடகை பாக்கியில் சலித்துப்போயிருந்த நிலத்துக்காரர் குடும்பம், ஒழிந்தது என்று வழிவிட்டது. தொல்லை தீர்ந்தது என்று நினைத்த இடத்தில் போலீஸ் விசாரணை வந்து நின்றது.

மண்ணும் இரும்பும்

மண்ணில் நட்டது மண்ணோடு சேரும் என்பது இங்கிலாந்தின் பழைய சட்ட விதி. இந்தியா அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. 1866-இலேயே கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் முழு ஆயம், பிறர் நிலத்தில் உரிமையின் பேரில் கட்டியவருடைய கட்டடம் தானாக நிலத்துக்காரருடையதாகிவிடாது என்பதே இந்நாட்டு வழக்கம் என்று சொன்னது. 1958-இல் தைரியவான் வழக்கில் உச்ச நீதிமன்றம், நிலம் ஒருவருக்கும் கட்டடம் இன்னொருவருக்கும் சொந்தமாக இருப்பதை இந்தியச் சட்டம் ஏற்கிறது என்று உறுதிசெய்தது.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108-ஆம் பிரிவின் எச் உட்பிரிவில், இதை ஒரு விதியாகவே வகுத்திருக்கிறது. குத்தகைதாரர் தான் நிலத்தில் பொருத்தியவற்றைக் கழற்றிக்கொள்ளலாம். குத்தகை முடிந்த பிறகும், நிலம் தன் வசம் இருக்கும் வரை கழற்றலாம். வசம் போன பிறகு முடியாது. நிலத்தைப் பெற்றபோது இருந்த நிலையில் விட்டுவிட்டுப் போகவேண்டும்.

நிலத்துக்காரர்கள் பிடித்துக்கொள்ளும் கொம்பு இந்த ‘வசம்’ என்ற சொல்தான். நிறுவனம் இடத்தை ஒப்படைத்துவிட்டு, டவரை மட்டும் விட்டுச் சென்றால், கழற்றும் உரிமை முடிந்தது என்று வாதிட இடமிருக்கிறது. ஆனால் வசம் எப்போது போனது என்பதை நிரூபிக்க வேண்டும். வேலியும் பூட்டும் நிறுவனத்துடையதாக இருக்கும் வரை, ஆள் வராமல் போனாலும், இடம் இன்னும் அதன் வசமே என்று எதிர்த்தரப்பு சொல்லும். மேலும் 108-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் வேறு ஏதும் இல்லாதபோது மட்டும் பொருந்தும் விதி. பல டவர் ஒப்பந்தங்களில், எக்காலத்தும் இரும்பு நிறுவனத்தின் உடைமையே என்ற வரி இருக்கும்.

நிலத்துக்காரரின் இந்த வாதத்தை இன்னும் பலவீனமாக்கியது புதிய சட்டம். தொலைத்தொடர்புச் சட்டம், 2023-இன் 14-ஆம் பிரிவு 2024 ஜூன் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. நிலத்தில் நிறுவப்பட்ட தொலைத்தொடர்புக் கட்டமைப்பு அந்த நிலத்தின் பகுதியாகக் கருதப்படாது, அந்த நிலத்தின் மீதான உரிமைக் கோரிக்கையோ வில்லங்கமோ அதைத் தொடாது என்று அது சொல்கிறது. அதே பிரிவு மறுபக்கமும் பேசுகிறது: நிறுவனத்துக்கு நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை தவிர, நிலத்தில் வேறெந்தப் பாத்தியதையும் கிடையாது. இந்த இரண்டாவது வாக்கியத்தை நிலத்துக்காரர்கள் நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு வருஷம் நின்றுவிட்டால் இடம் டவர் கம்பெனிக்குப் போய்விடும் என்று கிராமங்களில் ஒரு பயம் உண்டு. வாடகைக்கு வந்தவர் வாடகைக்காரராக இருந்துகொண்டே உரிமையாளராகிவிட முடியாது. ஆனால் குத்தகையை முடித்துவைத்த பிறகு 12 ஆண்டுக்குள் இடத்தை மீட்க வழக்கிட வேண்டும் என்பது 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம். அதனால் பயப்படத் தேவையில்லை, ஆனால் தூங்கிவிடவும் கூடாது.

டவர் அசையும் பொருளா, அசையாச் சொத்தா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றமே இரண்டு தீர்ப்புகளில் இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது. 2016 டிசம்பரில் அகமதாபாத் மாநகராட்சிக்கும் ஜி.டி.எல். நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், சொத்துவரி விதிக்கும் அளவில் டவரைக் கட்டடமாகக் கொள்ளலாம் என்றது. 2024 நவம்பரில் பாரதி ஏர்டெல் வழக்கில், மறைமுக வரிக் கழிவுக்காக அது கழற்றி மறுபடி பூட்டக்கூடிய அசையும் பொருளே என்றது. இரண்டும் வெவ்வேறு வரிச் சட்டங்களுக்காகச் சொல்லப்பட்டவை என்பதால் ஒன்றையொன்று அடித்துவிடுவதில்லை. நிலத்துக்காரருக்கு உதவும் செய்தி, கழற்ற முடியாது என்று நிறுவனம் சாக்குச் சொல்ல முடியாது என்பதே.

காயலான் கடைக்கு முன்

பாக்கி ஏறிக்கொண்டே போகும்போது, கேஸ் கட்டர் வைத்து அறுத்து எடைக்குப் போட்டுவிடலாம் என்ற யோசனை எவருக்கும் வரும். இரும்பின் விலை தெரிந்தவர்கள் வீடு தேடியும் வருவார்கள். பாரதிய நியாய சம்ஹிதையின் 303-ஆவது பிரிவு, திருட்டைப் பற்றிச் சொல்லும்போது கூர்மையான ஒரு விளக்கம் தருகிறது. மண்ணோடு பிணைந்திருக்கும் பொருள் திருட்டுக்கு உள்ளாகாது. மண்ணிலிருந்து பிரிக்கப்பட்ட அந்தக் கணமே அது திருடத்தக்க பொருளாகிறது. கால் அறுபடும் வேளையில் வாடகை வழக்கு குற்ற வழக்காக மாறுகிறது என்று பொருள். தண்டனை மூன்றாண்டு வரை போகலாம். தனக்கு வரவேண்டிய பாக்கிக்கு ஈடாக எடுத்தேன் என்பது நேர்மையான நம்பிக்கை என்று வாதிடலாம்தான். ஆனால் அந்த வாதத்தைச் சொல்லும் இடம் குற்றவாளிக் கூண்டாக இருக்கும்.

அறுக்காமல், கேட்டுக்குத் தன் பூட்டைப் போடுவதிலும் வினை உண்டு. உரிய சட்ட வழியில் அல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்கிட்டு வசத்தைத் திரும்பப் பெறலாம் என்கிறது குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு. அந்த வழக்கில் நிலம் யாருடையது என்ற கேள்வியே எழாது.

கண்டெடுத்த பொருள் பற்றிய விதியைச் சிலர் சொல்வார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 168, 169 பிரிவுகளின்படி, பொருளைக் கண்டெடுத்தவர் தான் செலவழித்துப் பாதுகாத்திருந்தால் அதற்கு ஈடு கிடைக்கும் வரை அதைக் கையில் வைத்துக்கொள்ளலாம். உரிமையாளரைத் தேடியும் காணாதபோது சில நிபந்தனைகளின் கீழ் விற்கவும் செய்யலாம். ஆனால் டவர் தொலைந்துபோன பொருள் அல்ல. யார் நட்டது என்று நிலத்துக்காரரிடமே பத்திரம் இருக்கிறது. இந்த விதியை நம்பி இரும்பை விற்பது மெல்லிய பலகையின் மேல் நடப்பதற்குச் சமம்.

யாரிடம் கேட்பது

முதல் வேலை, எதிராளி யார் என்று கண்டுபிடிப்பது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நிறுவனம் பெயர் மாறியிருக்கலாம், இன்னொன்றோடு இணைந்திருக்கலாம், டவர்களை மட்டும் விற்றிருக்கலாம். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் குழுமத்தின் டவர் நிறுவனமான ரிலையன்ஸ் இன்ஃப்ராடெல், திவால் நடவடிக்கை வழியாக 2022 டிசம்பரில் ஜியோ குழுமத்தின் கைக்கு வந்தது. பழைய பெயருக்கு நோட்டீஸ் அனுப்பிக்கொண்டே இருந்தால் தபால்காரருக்குத்தான் வேலை.

கையில் இருக்கும் தடயங்கள் நிறையவே. கடைசியாக வாடகை வந்த வங்கிப் பதிவில் அனுப்பியவர் பெயர் இருக்கும். வாடகையில் டி.டி.எஸ். பிடித்திருந்தால், நிலத்துக்காரரின் வருமான வரிக் கணக்கோடு சேர்ந்த 26ஏஎஸ் படிவத்தில் பிடித்தவரின் பெயரும் எண்ணும் ஆண்டு வாரியாகக் கிடைக்கும். வாடகை இவ்வளவுதான், இந்த மாதம் வரை வந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. கேட்டிலிருக்கும் சைட் எண்ணையும் ஈ.பி. மீட்டர் எண்ணையும் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், தகடும் ஒருநாள் எடைக்குப் போய்விடும். மின் இணைப்பு யார் பெயரில் என்பது மின்வாரிய அலுவலகத்தில் தெரியும். நிறுவனம் உயிரோடிருக்கிறதா என்பதைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையத்தளத்தில் பார்க்கலாம். தொலைத்தொடர்புத் துறை 2017-இல் தொடங்கிய தரங் சஞ்சார் தளத்தில், ஒரு பகுதியில் இயங்கும் டவர்களின் விவரம் கிடைக்கும்.

அடுத்தது பத்திரம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவுசெய்த பத்திரத்தின் மூலமே செல்லும் என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 107-ஆவது பிரிவு. பதிவு செய்யாமல் முத்திரைத்தாளில் மட்டும் எழுதிய பதினைந்து, இருபது ஆண்டு ஒப்பந்தங்கள் இருக்கின்றன. அவற்றின் கால வரையறை நிலத்துக்காரரைக் கட்டாது. வாடகை கொடுத்து வாங்கிய உறவு மாதக் குத்தகையாகக் கொள்ளப்படும், அதைப் பதினைந்து நாள் நோட்டீஸில் முடிக்கலாம். பதிவான பத்திரமாக இருந்தால் அதில் எழுதியபடிதான் போக வேண்டும். வாடகை தவறினால் நிலத்துக்காரர் இடத்தை எடுத்துக்கொள்ளலாம் என்ற வாசகம் வெளிப்படையாக இருந்தால், எழுத்து மூலம் அறிவித்துக் குத்தகையை முடிக்கலாம். அப்போதும், பாக்கியை வட்டியோடும் செலவோடும் கோர்ட்டில் கட்டினால் 114-ஆவது பிரிவின் கீழ் நிறுவனத்துக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைக்கலாம். பாக்கி கைக்கு வருகிறது என்ற அளவில் அதுவும் நிலத்துக்காரருக்கு நஷ்டமில்லை.

வாடகைப் பாக்கிக்குக் கெடு மூன்றாண்டு. ஒவ்வொரு மாத வாடகைக்கும் அது வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து தனித்தனியாகக் காலம் ஓடும். 2018 மார்ச்சில் நின்ற வாடகைக்கு இன்று வழக்குப் போட்டால் அந்த மாதத்துப் பணம் கிடைக்காது, கடைசி மூன்றாண்டுப் பணத்தையே கேட்க முடியும். பாக்கி உண்டு என்று நிறுவனம் கெடுவுக்குள் கையெழுத்திட்டு எழுதிய ஒரு கடிதம் இருந்தால் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். போனில் வாங்கிய வாக்குறுதி எத்தனை இருந்தாலும் அந்த ஒரு கடிதத்துக்கு ஈடாகாது. வாடகை பார்த்துத் தருகிறோம் என்று சொல்லிக்கொண்டே வந்த ஏரியா மேலாளர்கள் மாறிப்போனதில்தான் பல குடும்பங்களின் பணம் காலவரம்பில் கரைந்தது. நிலத்தை இடையில் வாங்கியவரும் கவனிக்க வேண்டும்: கிரயத்துக்கு முந்திய பாக்கி, பத்திரத்தில் தனியே எழுதிக்கொண்டாலொழிய, விற்றவருக்கே சேரும்.

நிறுவனமே திவாலானால்

டவர் நிறுவனமே திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டால் நிலைமை வேறு. 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டத்தின் 14-ஆவது பிரிவு ஒரு தடையுத்தரவுக் காலத்தை உண்டாக்குகிறது. அந்தக் காலத்தில், திவாலான நிறுவனத்தின் வசம் இருக்கும் இடத்தை நிலத்துக்காரர் கூட மீட்க முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் வழக்கும் அப்படியே நிற்கும்.

நிலத்துக்காரர் அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: நிர்வாகத்தை ஏற்ற தீர்வு அலுவலரிடம் கெடுவுக்குள் கோரிக்கைப் படிவம் கொடுத்துவிட வேண்டும். நாளிதழ் விளம்பரம் ஒரு ஆங்கிலத் தாளிலும் ஒரு வட்டார மொழித் தாளிலும் வரும். கம்பெனியின் பதிவு அலுவலகம் மும்பையில் என்றால் அந்த வட்டார மொழி மராத்தியாகவும் இருக்கலாம். இலஞ்சியிலோ ஆய்க்குடியிலோ இருக்கும் ஒரு விவசாயியின் கண்ணில் அது எப்படிப் படும்? இந்த அமைப்பின் ஆகப் பெரிய அநீதி இங்கேதான் இருக்கிறது. 2021 ஏப்ரலில் கனஷ்யாம் மிஸ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம், திவாலான நிறுவனத்தை மீட்கும் தீர்வுத் திட்டத்தில் இடம்பெறாத பழைய கோரிக்கைகள் திட்டம் ஏற்கப்பட்ட நாளோடு அழிந்துவிடும் என்று தீர்ப்பளித்தது. கோராமல் விட்டவருக்குப் பிறகு கேட்க வாயில்லை.

ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு சாதகமும் இதே சட்டத்தில் உண்டு. தடைக் காலத்தில் இடத்தை மீட்க முடியாமல் தடுக்கப்பட்டவருக்குச் சேர வேண்டிய தொகை, நடைமுறைச் செலவாகக் கணக்கிடப்பட வேண்டும் என்கிறது இச்சட்டத்தின் கீழ் வகுத்த திவால் தீர்வு விதிகளின் 31-ஆவது ஒழுங்குமுறை. நடைமுறைச் செலவு வங்கிகளின் கடனுக்கும் முந்தி முழுதாகக் கொடுக்கப்பட வேண்டியது. திவாலுக்கு முந்திய பாக்கி சல்லிக்காசாகச் சுருங்கினாலும், திவால் தொடங்கிய பின் ஓடிய வாடகையை வலுவாகக் கேட்கலாம். இரண்டையும் பிரித்துக் கேட்பது முக்கியம். நிலத்துக்காரர் தாமே நிறுவனத்தைத் திவாலுக்கு இழுப்பது நடைமுறையில் முடியாத காரியம், 2020 மார்ச் முதல் அதற்குக் குறைந்தது ஒரு கோடி ரூபாய் பாக்கி வேண்டும்.

நிறுவனம் முற்றாகக் கலைக்கப்பட்டு, உரிமை கொண்டாட எவருமே இல்லாமல் போனால், அப்போதாவது இரும்பு நிலத்துக்காரருக்கு வருமா? அரசியலமைப்பின் 296-ஆவது கூறு இதற்கு விடை வைத்திருக்கிறது. உரிமையாளர் அற்ற சொத்து அரசுக்குச் சேரும். நீலகிரியின் ஊச்டர்லோனிப் பள்ளத்தாக்கு எஸ்டேட் சம்பந்தப்பட்ட பியர்ஸ் லெஸ்லி வழக்கில் உச்ச நீதிமன்றம், கலைந்துபோன கம்பெனியின் சொத்துக்கும் இந்தக் கொள்கையே பொருந்தும் என்றது. எவரும் கேட்காத டவர்கூட, சட்டத்தின் கண்ணில், தோப்புக்காரருடையது ஆகிவிடுவதில்லை.

கோர்ட் வழி

குத்தகையை முடிக்கும் வக்கீல் நோட்டீஸ் பதிவுத் தபாலில் போக வேண்டும். பாக்கிக் கணக்கு, அகற்றக் கெடு, அகற்றாவிட்டால் இடத்தை அனுபவிக்க முடியாமல் போன நஷ்டத்துக்கு மாதம் இவ்வளவு என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். பதில் இல்லாதபோது சிவில் வழக்கு. இடத்தை ஒப்படைக்கவும், டவரை அகற்றக் கட்டாய உறுத்துக்கட்டளை பிறப்பிக்கவும், வாடகையும் நஷ்டமும் தரவும் ஒரே வழக்கில் கேட்கலாம். எதிர்த்தரப்பு வராமலே இருந்தால் ஒருதலைத் தீர்ப்பு கிடைக்கும். அந்தத் தீர்ப்பை நிறைவேற்றும்போது, கோர்ட் ஊழியர் முன்னிலையில் டவரைக் கழற்றவும், ஜப்தி செய்து ஏலம் விட்டுப் பாக்கிக்கு வரவு வைக்கவும் முடியும். அதே இரும்பு அதே காயலான் கடைக்குத்தான் போகும். ஆனால் இந்த வழியில் போனால் நிலத்துக்காரரைத் தேடி போலீஸ் வராது.

தீர்ப்பு வரும் வரை காத்திருக்க முடியாத நிலையும் உண்டு. துரு தின்னும் பொருளைப் பற்றி வழக்கு நடக்கும்போது, அதை இடைக்காலத்திலேயே விற்றுப் பணத்தைக் கோர்ட்டில் வைக்க சிவில் நடைமுறைச் சட்டத்தின் 39-ஆவது ஆணை, 6-ஆவது விதி இடம் தருகிறது. அசையும் பொருளுக்கான விதி இது. அதனால் 2024 நவம்பர்த் தீர்ப்பு இங்கே கைகொடுக்கக்கூடும். வழக்குத் தொடங்கியதும் வழக்கறிஞர் ஆணையரை அனுப்பி, எத்தனை கால், எத்தனை உயரம், என்னென்ன ஏற்கெனவே காணவில்லை என்று பதிவு செய்துவிடுவது நல்லது. பிறகு, என் பேட்டரி எங்கே என்று நிறுவனம் நிலத்துக்காரரையே கேட்கும் நிலை வராமல் அது காக்கும்.

வழியில் இரண்டு முட்டுக்கட்டைகள் உண்டு. தொகை 3 லட்சம் ரூபாய்க்கு மேல் போய், வணிக வழக்காகக் கொள்ளப்பட்டால், அவசர நிவாரணம் கேட்காதபோது முதலில் சமரச மையத்துக்குப் போய்வர வேண்டும். இன்னொன்று, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் நடுவர் மன்ற வாசகம். சொத்து மாற்றுச் சட்டத்தின் கீழ் வரும் குத்தகைத் தகராறுகளை நடுவர் தீர்க்கலாம் என்று 2020 டிசம்பரில் வித்யா த்ரோலியா வழக்கில் முடிவானது. நடுவர் மன்றம் மும்பையிலோ டெல்லியிலோ என்று எழுதியிருந்தால், நாலு சென்ட் வாடகைக்காகத் தென்காசிக்காரர் ரயிலேற வேண்டியதாகிறது. பல நிறுவனங்கள் சின்ன வழக்குகளில் அந்த வாசகத்தைக் கேட்பதே இல்லை. முதல் பதிலுரைக்கு முன் கேட்காவிட்டால் அந்த உரிமை போயிற்று.

செலவுக்கு அஞ்சுகிறவர்களுக்கு வட்டச் சட்டப்பணிகள் குழு இருக்கிறது. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும், வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கும் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். நிறுவனம் உயிரோடிருந்து, சமரசம் செய்துகொள்ளும் எண்ணமும் இருந்தால், லோக் அதாலத் மிக நல்ல இடம். பாக்கியில் ஒரு பகுதியும் இரும்பும் நிலத்துக்காரருக்கு என்று அங்கே எழுதிக்கொண்டால், அந்த முடிவுக்கு மேல்முறையீடு இல்லை.

டவர் சாய்ந்திருக்கிறது, அடியில் கால் அரித்துப்போயிருக்கிறது என்றால் உடைமைத் தகராறு முடியும் வரை யாரும் காத்திருக்கத் தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரரோ நிலத்துக்காரரோ வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். விழுந்து உயிர்ச்சேதம் உண்டாக்கக்கூடிய கட்டுமானத்தை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ உத்தரவிட, பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 152-ஆவது பிரிவு அவருக்கு அதிகாரம் தருகிறது. ஆடி மாதக் காற்று தொடங்குமுன் கொடுப்பது புத்திசாலித்தனம்.

இந்தச் சிக்கலுக்குப் பிற நாடுகள் முன்கூட்டியே வழி வைத்திருக்கின்றன. இங்கிலாந்தில் 2017 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த தொலைத்தொடர்பு விதித்தொகுப்பின்படி, ஒப்பந்தத்தை முடிக்க நிலத்துக்காரர் 18 மாத நோட்டீஸ் தர வேண்டும். ஆனால் நிறுவனம் பயன்படுத்துவதை நிறுத்தி, மறுபடி பயன்படுத்தும் வாய்ப்பும் இல்லை என்றால், அகற்றச் சொல்லும் உரிமையை அது தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறது. அமெரிக்காவில் பல உள்ளாட்சிகள், டவர் நடும்போதே அகற்றும் செலவுக்குப் பிணைத்தொகை வாங்கிவிடுகின்றன. அந்தப் பிணைத்தொகையைத் தென்காசியில் ஒப்பந்தம் எழுதும்போதே கேட்கலாம். கூடவே, மூன்று மாத வாடகை நின்றால் குத்தகை முடிந்தது, அதன்பின் தொண்ணூறு நாளில் அகற்றாவிட்டால் இரும்பு நிலத்துக்காரருடையது, தகராறு தென்காசிக் கோர்ட்டில் என்ற மூன்று வரிகளையும் சேர்த்துப் பதிவு செய்தால், மேலே சொன்ன அலைச்சலில் பெரும்பகுதி இல்லாமல் போகும். டவர் வைக்க முன்பணம் கட்டு என்று போனில் கேட்கிறவர்கள் மோசடிக்காரர்கள் என்பதையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். இடம் விடுகிறவர் நிறுவனத்துக்குப் பணம் கட்டும் வழக்கமே கிடையாது.

டவர் இறங்கிய பிறகும் நிலத்தில் வேலை பாக்கி இருக்கும். கான்கிரீட் திண்டுகள் ஆழமாகப் போயிருக்கும், ஏர் பூட்டினால் கொழு உடையும். பெற்ற நிலையில் ஒப்படைக்க வேண்டும் என்ற 108-ஆம் பிரிவு எச் உட்பிரிவின் கடைசி வரியை வைத்து, அவற்றைத் தோண்டி எடுத்து மண் நிரப்பும் செலவையும் வழக்கில் சேர்த்துக் கேட்க வேண்டும். ஈ.பி. பாக்கி இருந்தால் இணைப்பை முறைப்படி துண்டித்துக் கடிதம் வாங்க வேண்டும். ஓரிடத்தின் பழைய மின் பாக்கியை அதே இடத்துக்குப் புது இணைப்பு கேட்பவரிடம் வசூலிக்க விதிகள் இடம் தரலாம் என்று 2023 மே மாதம் கே.சி. நினான் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. பதிவான குத்தகை என்றால் ரத்துப் பத்திரமோ, கோர்ட் தீர்ப்பின் நகலோ சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். இல்லையென்றால் டவர் போய்ப் பல ஆண்டு கழிந்தும், அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறவருக்கு நிறுவனத்தின் பெயர் முதல் பக்கத்திலேயே வந்து நிற்கும்.